கேபினில் எழுபது லட்சம்

ஆறாம் நம்பர் மைக்கைப் பிடித்துப் பத்து நிமிஷம் ஆகிறது, அவன் பிடித்த மீன் இன்னும் கரைக்கு வந்து சேரவில்லை. காவேரியில் பிடித்தானாம், வால் மோகனூரில் கிடந்ததாம், தலை குளித்தலையில் கிடந்ததாம். பொய்க்கு ஒரு ஒழுங்கு வேண்டும். மீனை நீட்டினால் மட்டும் போதாது, அந்த மீனுக்கு ஒரு பல்வலியாவது இருக்கவேண்டும், அப்போதுதான் கேட்கிறவன் அடப்பாவமே என்று உள்ளே வருவான், வந்ததும் கதவைச் சாத்திவிடலாம். இதையெல்லாம் யாரிடம் சொல்வது. நான் ஒன்பதாம் நம்பர். போன வருஷம் ஜெயித்தவன் கடைசியில் பேசவேண்டும் என்பது எங்கள் ஊர்ப் புளுகுப் பந்தயத்தின் சட்டம், பதினோரு வருஷமாக நான்தான் கடைசி, பதினோரு வருஷமாக எட்டுப் பேரின் பொய்யையும் கேட்டுக்கொண்டு, ஒன்றுக்குப் போவதை அடக்கிக்கொண்டு, இந்தப் பிளாஸ்டிக் நாற்காலி வரிசையின் ஓரத்தில். காணும் பொங்கலை எங்கள் பக்கம் பூநோம்பி என்பார்கள். காலையில் பெண்கள் பூப்பறிக்கப் போவார்கள், மத்தியானம் ஆண்கள் பொய் சொல்ல வருவார்கள், பறித்த பூவோடு பெண்கள் வந்து உட்கார்ந்து கேட்பார்கள். ஜெயித்தவனுக்கு ஒரு பித்தளைச் சேவல், ஒரு வருஷம் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். என் வீட்டு டிவிக்கு மேல் அது பதினோரு வருஷமாக நின்று நின்று, அதன் கால் தடம் பெட்டியில் பதிந்துவிட்டது. இன்னொரு சட்டமும் உண்டு. ஒருத்தன் பேசி முடித்ததும் தலைவர் சென்னியப்பன், மாவு மில் வைத்திருக்கிறவர், எழுந்து மூன்று தடவை கேட்பார், ‘இது நெசம்னு சொல்ல ஆளுண்டா?’ என்று. கூட்டத்தில் ஒருத்தர் எழுந்து, நெசந்தான், எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டால் போதும், பேசியவன் அவுட். முழுசுக்கும் சாட்சி வேண்டும், பாதிக்குச் சொன்னால் செல்லாது. பதினோரு வருஷத்தில் எனக்குச் சாட்சி சொல்ல ஒரு ஆத்மா எழுந்ததில்லை. அது ஒரு பெருமை. வேறு எந்த மனுஷனுக்கும் அது பெருமையாக இருக்காது.

இன்றைக்கு நான் தோற்கவேண்டும். மனசுக்குள் சொல்லிப் பார்த்தாலே முள் குத்துகிறது, மோகனூர் மீனின் முள். தோற்பது என்ன பெரிய காரியம், எழுந்து போய் உடம்பு முடியலைங்க என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தால் தீர்ந்தது. ஆனால் நான் உடம்பு முடியலை என்றால் இந்தக் கூட்டம் கைதட்டும். எல்லாம் என் பேத்தியால் வந்தது. மகள் கலாமணியின் பெண், நிவேதிகா, பதிமூன்று வயசு. நாமக்கல்லிலிருந்து மார்கழி லீவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவள், வந்த இடத்தில் பெரியவளாகிவிட்டாள். தை பிறந்து சீர் என்று நாள் குறித்தாயிற்று. சீர் செய்யவேண்டிய தாய்மாமன் என் மகன் லோகு, கலாமணிக்கு இளையவன், பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டுகிற கடை வைத்திருக்கிறான், எதையும் கொஞ்சம் ஊதித்தான் பார்ப்பான். நூற்றியொரு தட்டு என்றான், சரி என்றேன். குதிரை வண்டி என்றான், சரி என்றேன். அப்புறம் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான். இருபதடிக்குப் பத்தடி ஃப்ளெக்ஸ். நடுவில் நிவேதிகா, தலையில் கிரீடம், கீழே அன்னம் இழுக்கிற தேர், பின்னால் ஒரு அருவி. சாமி படத்தில் தேவர்கள் மேகத்தில் நிற்பதுபோலச் சுற்றிலும் பதினாறு சொந்தக்காரர்கள், அதில் நானும் ஒருத்தன், என்னிடம் இல்லாத கறுப்புக் கண்ணாடியோடு. அடியில் டயர் கடை போன் நம்பர். ஐந்து இடத்தில் கட்டப்போகிறானாம், அதில் ஒன்று அவள் பள்ளிக்கூட கேட்டுக்கு நேர் எதிரில். பிள்ளை பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் ஒரு கதை சொல்லிச் சமாளித்திருப்பேன். ‘மாமா, இதுக்குக் கீழ நடந்து நான் எப்படி கிளாசுக்குப் போறது? பசங்கல்லாம் நின்னு வாசிப்பானுங்க’ என்றாள். ‘வாசிக்கத்தான அம்மிணி கட்டறது’ என்று லோகு சிரித்தான். அவள் என் பக்கம் திரும்பினாள். ‘அப்பிச்சி, நீங்க சொல்லுங்க.’ லோகுவிடம் எதையும் நேராகச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, வாய் தன் வழக்கப்படி சுற்றுவழியில் போயிற்று. ‘பூநோம்பிப் பந்தயத்துல நான் தோத்தா ஃப்ளெக்ஸ் கெடையாது, போ’ என்றேன். காக்காய் வெளுக்கிற அன்றைக்கு என்கிற அர்த்தத்தில் சொன்னது. லோகு, ‘செரி, சேவல் மேல சத்தியம்’ என்று டிவியிடம் போனான். அவளும் வந்தாள். மூன்று பேர் கையும் பித்தளைக் கொண்டைமேல் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன, அவள் கைதான் அடியில், சில்லென்று. அந்தச் சில்லிப்புதான் இப்போது என் உள்ளங்கையில் இருக்கிறது, மத்தியான வெயிலில், பந்தலுக்குக் கீழே.

மீன் கரைக்கு வந்துவிட்டது, கைதட்டல், நெசம்னு சொல்ல ஆளுண்டா என்று மூன்று தடவை, ஆளில்லை. ஏழாம் நம்பர் எழுந்து வேட்டியை இறுக்கிக்கொண்டு போகிறான். பேய்க்கு ரேஷன் கார்டு வாங்கிக் கொடுத்த கதை, எனக்குத் தெரியும், போன வருஷம் ஆதார் கார்டு வாங்கிக் கொடுத்தான். நல்லது, பத்து நிமிஷம் யோசிக்கலாம். யோசிக்கப் போனால் அந்த ஜன்னலில்தான் போய் நிற்கிறேன். பிள்ளை தனியாக இருந்த அந்த ஒன்பது நாளும் பக்கத்து அறையில் புத்தகமும் கையுமாகக் கிடந்தாள், பள்ளிக்கூட லைப்ரரியிலிருந்து எடுத்துவந்த தடிப் புத்தகம். என் வீட்டுக்காரி பாவாயி பக்கத்தில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நான் வெளியே, ஜன்னலுக்கு அடியில், பேப்பர் படிக்கிற பாவனையில். ‘அம்மாயி, இதக் கேளு. பொண்ணு பொறக்கறப்பவே அத்தனை முட்டையும் உள்ள இருக்குதாம். அப்புறம் புதுசா ஒண்ணுகூட உண்டாகறதில்லையாம்.’ பாவாயி ம் என்றாள், கடலை உடைந்தது. ‘அம்மா வயித்துல அஞ்சு மாசமா இருக்கறப்பத்தான் நெறையாம். எழுபது லட்சம். பொறக்கறப்ப பத்து இருபது லட்சமாயிருமாம். பெரியவளாகறப்ப மூணு, நாலு லட்சந்தான்.’ ‘மீதியெல்லாம்?’ ‘உள்ளயே கரைஞ்சு போயிருமாம்.’ ‘உன்ற அப்பிச்சி லாரியில ஏத்துன முட்டையாட்ட’ என்றாள் பாவாயி. எனக்குக் கோபம் வரவில்லை, கண்ணில் தண்ணீர் வந்தது. ஆகா, என் ரத்தம் என்று நினைத்தேன். என்ன கைத்திறன். பொய் சொல்கிற எவனும் எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போவான், இவள் எழுபது லட்சத்தில் ஆரம்பித்து இறக்கிக்கொண்டே வருகிறாள். இறக்கினால் கேட்கிறவன் நம்புவான். அறுபது வருஷமாக எனக்குத் தோன்றாத உத்தி பதிமூன்று வயசில் தோன்றியிருக்கிறதே என்று பூரித்துப்போய், சாயங்காலம் புத்தகத்தை வாங்கிப் பார்த்தால், அச்சில் இருக்கிறது. படம் போட்டு, அம்புக்குறி போட்டு. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

முப்பத்தைந்து வருஷம் முட்டை லாரி ஓட்டியவன் நான். நாமக்கல் டு கொச்சி, ஒரு நடைக்கு இரண்டு லட்சம் முட்டை, அட்டைக்கு முப்பது. எழுபது லட்சம் என்றால் முப்பத்தைந்து லாரி. வரிசையாக நிறுத்தினால் எங்கள் ஊர் எல்லையிலிருந்து கோயில் திடல் வரைக்கும் நிற்கும், நடுவில் ஆள் கடக்க இடமிருக்காது. அந்த முப்பத்தைந்து லாரியும், பிள்ளை பிறந்து வெளியே வருவதற்குள் ஏழெட்டாகி, பெரியவளாவதற்குள் இரண்டாகிவிடுகிறது. அந்த இரண்டு லாரியிலிருந்தும் கடைசியில் ஆயுசு முழுக்க இறங்குவது மொத்தம் நானூறு முட்டை. நானூறு. அட்டையில் அடுக்கினால் பதினாலாவது அட்டை நிறையாது. இப்படி ஒரு நடை அடித்துவிட்டு நான் திரும்பியிருந்தால் முதலாளி என்னைக் கோழித் தீவனத்தில் கலந்திருப்பார். இதில் இன்னொரு கூத்து. அந்த முட்டை ஒவ்வொன்றும் தாய் வயிற்றில் இருக்கும்போதே இரண்டாகப் பிரிய ஆரம்பித்து, பாதியில் நின்றுவிடுகிறதாம். அப்படியே நிற்கிறதாம், பதிமூன்று வருஷம், முப்பது வருஷம், நாற்பத்தைந்து வருஷம். வாளையார் செக்போஸ்ட்டில் நான் இரண்டு நாள் நின்றதையே இருபத்தொரு நாள் என்று ஆக்கி, அட்டையிலேயே முட்டை பொரிந்து, இரண்டு லட்சம் குஞ்சுகளோடு கொச்சிக்குள் நுழைந்தேன் என்று சொல்லித்தான் முதல் சேவலை ஜெயித்தேன். ‘அப்பிச்சி, கடை முட்டையில குஞ்சு வராது. அந்தக் கோழிங்க சேவலையே பாத்ததில்ல’ என்று அதையும் இவள் போன வருஷம் உடைத்துவிட்டாள். போகட்டும். ஆனால் இங்கே பாதி கியரில், இஞ்சின் அணையாமல், முப்பது வருஷம் ஒரு வண்டி நிற்கிறது என்று புத்தகத்தில் போட்டிருக்கிறான், போட்டவனுக்கு எந்த ஊரிலும் சேவல் கொடுக்கவில்லை. அப்புறம் ஒரு நாள் மூளைக்கு அடியில் பட்டாணி அளவுக்கு ஒரு சுரப்பி, அதுதான் செக்போஸ்ட் ஆபீசர், பிள்ளை தூங்குகிறபோது பார்த்து முதல் சீட்டைக் கிழித்து அனுப்புகிறதாம். தூங்குகிறபோது. பிள்ளைக்கே தெரியாது. அவள் பாட்டுக்குக் குப்புறப்படுத்து ஏதோ கனவு காண்கிறாள், உள்ளே வண்டி கிளம்பச் சொல்லி உத்தரவாகிவிட்டது. அதுவும் சரியாகப் பழகுவதற்கு ஒரு வருஷம், இரண்டு வருஷம் ஆகுமாம், ஆரம்பத்தில் பல மாசம் முட்டையே வெளியே வராதாம், வெறும் உத்தரவு மட்டும்தானாம். ‘இன்னும் முட்டையே வந்துச்சோ இல்லையோ, அதுக்குள்ள மாமா அன்னப்பறவ பூட்டிட்டாரு’ என்றாள் அம்மாயியிடம். பாவாயி சிரித்த சத்தம் ஜன்னலுக்கு வெளியே வந்தது. அவள் சிரித்து நான் கேட்டுப் பல காலம் ஆயிற்று, என் கதைக்கு அவள் சிரித்ததே இல்லை.

‘என்னுங்கண்ணா, ரொம்ப யோசனையா இருக்கறீங்க’ என்கிறான் பக்கத்து நாற்காலிக் குப்பண்ணன். எட்டாம் நம்பர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன், ஒன்பது வருஷமாக எனக்கு அடுத்த இடத்தில் வருகிறவன், இரண்டாம் பரிசாக ஒன்பது டிபன் பாக்ஸ் வாங்கியிருக்கிறான். ‘ஒண்ணுமில்லப்பா, ஒண்ணுக்கு வருது’ என்றேன். ‘பொய்யி’ என்றான் உடனே. பாருங்கள். மூத்திரம் முட்டிக்கொண்டு நிற்கிற மனுஷனின் நிலைமை. ‘இந்த வருசமாச்சும் எனக்கு விட்டுக்குடுங்கண்ணா. என்ற வீட்டுல டிபன் பாக்ஸ் வைக்க எடமில்ல.’ ‘என்ன கதை?’ ‘பஸ்சுக்குள்ள பஸ் போன கதை.’ பரவாயில்லை, அதில் ஒரு பல்வலி சேர்த்தால் தேறும். ஒன்பது நாற்காலி, ஒன்பது கிழவர்கள், எல்லோரும் வெள்ளை வேட்டி, வெயிலில் உப்பிப்போய். இதுவும் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. மாசத்துக்கு மாசம் பத்து இருபது முட்டை ஒன்றாகக் கிளம்புகிறதாம், ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி ஒரு நீர்ப்பை கட்டிக்கொண்டு உப்புகிறதாம். கொஞ்ச நாளில் ஒன்று மட்டும் முந்திக்கொண்டு நெல்லிக்காய் அளவுக்கு வளர்ந்து மற்றதுக்கெல்லாம் சாப்பாடு இல்லாமல் பண்ணிவிடுகிறதாம். மற்றதெல்லாம் சுருங்கிப்போகும், அந்த ஒன்று வெடித்து வெளியே வரும். வெளியே வருகிற முட்டை எவ்வளவு பெரிசு தெரியுமா, பேனா முனையை வைத்து எடுத்த புள்ளி. இந்தப் புள்ளிக்குத்தான் இவ்வளவு நெல்லிக்காய். பதினோரு வருஷமாக நான்தான் அந்த நெல்லிக்காய். குப்பண்ணன் ஒன்பது வருஷமாகச் சுருங்கியிருக்கிறான். இதை நினைத்ததே இல்லை. சுருங்கிப்போனவர்கள் எங்கே போகிறார்கள் என்று கேட்டதற்குப் புத்தகம், உடம்பே உறிஞ்சிக்கொள்ளும் என்கிறது. சேவல் போனால் நான் யார். டிவிக்கு மேல் இரண்டு கால் தடம். சர்க்கரை மாத்திரையும் கண்புரையும் உள்ள ஒரு பழைய டிரைவர். டீக்கடையில் நான் வந்தால் பெஞ்சில் இடம் விடுவது என் பொய்க்காகத்தான், முட்டிவலிக்காக இல்லை. ஊர் உறிஞ்சிக்கொள்ளும்.

தோற்பதானால் கௌரவமாகத் தோற்கவேண்டும் என்று ஜன்னலடியிலேயே முடிவுசெய்துவிட்டேன். மட்டமாக ஒரு பொய் சொல்லித் தோற்க என் நாக்கு ஒத்துக்கொள்ளாது, அதற்கு அது தெரியாது. ஆகவே உண்மையைச் சொல்லப்போகிறேன். புத்தகத்தில் உள்ளது உள்ளபடி, எழுபது லட்சம், மூன்று லட்சம், நானூறு. சொன்னதும் முன்வரிசையில் இருக்கிற ரோஸ்மேரி சிஸ்டர் எழுந்து நிற்பார், அந்த அம்மாள் முப்பது வருஷம் நர்சாக இருந்து இந்தத் திடலில் இருக்கிற பாதிப் பேரைக் காலைப் பிடித்து வெளியே எடுத்தவர், அவர் நெசம் என்றால் எதிர்த்துப் பேச ஆளில்லை. நான் அவுட். ஃப்ளெக்ஸ் அவுட். ஊர் என்னைப் பற்றி என்ன சொல்லும், கெழவன் கடைசிக் காலத்துல நெசம் பேசிக் கெட்டான் என்று சொல்லும். சொல்லட்டும். மூன்றாவது வரிசையில் நிவேதிகா தெரிகிறாள், பாவாயிக்கும் லோகுவுக்கும் நடுவில், நகத்தைக் கடித்துக்கொண்டு. லோகு போனில் எதையோ பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்க்கிறான், அன்னமாகத்தான் இருக்கும். பாவாயி மடியில் பறித்த ஆவாரம்பூ. அவள் என்னைப் பார்க்கவில்லை. மேடையில் இருக்கும்போது அவள் என்னைப் பார்ப்பதில்லை, வீட்டில் மட்டும் என்னவாம். இந்த அறுபது வருஷப் பொய்யில் யானையை வைத்துச் சொல்லியிருக்கிறேன், கலெக்டரை வைத்துச் சொல்லியிருக்கிறேன், செத்துப்போன என் அப்பாவை எழுப்பி வைத்துச் சொல்லியிருக்கிறேன், பாவாயியை வைத்து மட்டும் ஒரு பொய் சொன்னதில்லை. சொல்ல வாய் வராது. காரணம் கொச்சி. கலாமணி அவள் வயிற்றில் ஐந்து மாசம், ஆடி மாசம். மற்றவள் மாங்காய் கேட்பாள், சாம்பல் தின்பாள், இவள் கடல் பார்க்கவேண்டும் என்றாள். ‘நீங்க வாரம் ரெண்டு தடவ போறீங்க. கேபின்ல ஒரு ஓரமா உக்காந்துக்கறேன். ஒரு தடவ பாத்துட்டு வந்தர்றேன்.’ அடுத்த லோடுக்குக் கூட்டிப் போகிறேன் என்றேன். அதற்கடுத்த லோடுக்கும் அதையே சொன்னேன். கலாமணி பிறந்தாள், லோகு பிறந்தான், நான் லாரியை விட்டு இறங்கினேன். எந்த வருஷத்தில் அவள் கேட்பதை நிறுத்தினாள் என்று எனக்குத் தெரியாது, நின்றதையே வெகு காலம் கழித்துத்தான் கவனித்தேன். நான் சொல்லி இன்னும் தீராமல் நிற்கிற பொய்யிலேயே மிகப் பழசு அதுதான், சேவலே கிடைக்காத பொய். இப்போது இந்தப் புத்தகம் வந்து என்ன சொல்கிறது. ஐந்தாம் மாசத்தில்தான் எழுபது லட்சமும் இருக்கும் என்கிறது. அப்படியானால் அந்த ஆடி மாசம் பாவாயி கேட்டுக்கொண்டு நின்றபோது, அவளுக்குள் கலாமணி, கலாமணிக்குள் எழுபது லட்சம், அதில் ஒரு புள்ளி நிவேதிகா. எத்தனை பேரை வாசலில் நிறுத்திவிட்டு வண்டியை எடுத்திருக்கிறேன். கேபினில் இடம் இருந்தது. கிளீனர் கூட அந்த நடைக்கு வரவில்லை.

பஸ்சுக்குள் பஸ் போய்விட்டது. ஏழாம் நம்பர் எப்போது இறங்கினான், குப்பண்ணன் எப்போது ஏறினான் என்று கவனிக்கவில்லை, நல்ல கைதட்டல், ஏதோ பல்வலி சேர்த்திருக்கிறான் போல. ஆளுண்டா, ஆளுண்டா, ஆளுண்டா. என் பெயரைச் சொல்கிறார்கள். முட்டி நேராக ஒரு நிமிஷம் ஆகிறது, அதற்கும் சிரிக்கிறார்கள், நடிக்கிறேன் என்று. மைக் குப்பண்ணன் எச்சில் வாசனை அடிக்கிறது. எழுபது, மூன்று, நானூறு. எழுபது, மூன்று, நானூறு. ‘எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் முட்டை லாரி ஓட்டுனவனுங்க. பொய்யும் புளுகுமாப் பேசறவன்னு சொல்லுவீங்க, இன்னிக்கு நெசம் மட்டுந்தான்.’ சிரிப்பு. ‘ஒரு பொம்பளைப் புள்ளை அம்மா வயித்துல அஞ்சு மாசமா இருக்கறப்ப, அதுக்குள்ள எழுபது லட்சம் முட்டை இருக்குமுங்க.’ பெரிய சிரிப்பு, யாரோ விசில். ரோஸ்மேரி சிஸ்டர் தலையை ஆட்டுகிறார், நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்திருக்கத் தயாராகிறார், இங்கே நிறுத்தியிருக்கவேண்டும், இங்கே நிறுத்திவிடு என்று மனசு சொல்கிறது, நாக்கு கேட்டால்தானே. அதற்கு ஒரே ஒரு ரோடுதான் தெரியும். ‘ஒரு ஆடி மாசம் கொச்சிக்கு ஒரு நடை. பின்னால ரெண்டு லட்சம் முட்டை. கேபின்ல எழுபது லட்சம். சிரிக்காதீங்க. கேபின்ல என்ற வீட்டுக்காரி உக்காந்திருந்தா, அஞ்சு மாசம்.’ சொல்லிவிட்டேன். மூன்றாவது வரிசையில் ஆவாரம்பூக் கட்டுகிற கை நின்றது. ‘பின்னால ஒண்ணு ஒடஞ்சாலும் முதலாளி கேப்பான். முன்னால அத்தனையும் கரைஞ்சுக்கிட்டே வருது, கேக்க நாதியில்ல. வாளையார் தாண்டுனதும் வண்டி பறக்குது. அப்பப் பாத்து அந்த எழுபது லட்சத்துல ஒண்ணு மட்டும் வாயத் தொறந்து, அப்பிச்சி, மெதுவா ஓட்டுங்கன்னுச்சு. செரி சாமின்னேன். கொச்சி போய் எறங்கி எல்லாருமாக் கடல் பாத்தோம். எழுபது லட்சத்து மூணு பேரும். அவ கால நனைச்சா. அம்புட்டுப் பேரும் நனைஞ்சாங்க. யாரு அந்த ஒண்ணுன்னு கேக்காதீங்க. இங்க உக்காந்திருக்கற நீங்க ஒவ்வொருத்தரும் உங்க அம்மாயி வயித்துக்குள்ள ஒரு தடவ குடியிருந்தவங்கதான். உங்களுக்கு யாரும் கடல் காட்டலைன்னா நான் என்ன பண்றது.’

திடலே கவிழ்ந்தது. இவ்வளவு கைதட்டல் குஞ்சு பொரித்த வருஷத்துக்குக்கூட இல்லை. லோகு எழுந்து நின்று தட்டுகிறான். நிவேதிகா என்னையே பார்க்கிறாள், சேவல் கொண்டைமேல் கை வைத்தபோது இருந்த அதே முகத்தோடு. சென்னியப்பன் எழுந்து, ‘இது நெசம்னு சொல்ல ஆளுண்டா?’ என்றார். ரோஸ்மேரி சிஸ்டர் எழுந்தார். ‘அந்த எழுபது லட்சம் நெசம். ஆனா லாரியில போனதுக்கு நான் எப்படிச் சாட்சி சொல்றது?’ என்றார். ‘பாதி செல்லாதுங்க சிஸ்டர்’ என்றார் சென்னியப்பன், சிஸ்டர் உட்கார்ந்துவிட்டார். ‘ரெண்டாந்தடவ. ஆளுண்டா?’ வெயில். யாரும் எழவில்லை. நான் ஜெயித்துக்கொண்டிருக்கிறேன், ஜெயிப்பது இவ்வளவு கேவலமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ‘மூணாந்தடவ. ஆளுண்டா?’ மடியிலிருந்த பூவைப் பேத்தி மடியில் கொட்டிவிட்டுப் பாவாயி எழுந்தாள். ‘நெசந்தான். நான்தான் போனேன்.’ கூட்டம் முதலில் சிரித்தது, அப்புறம் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டது. அந்த முகம் அறுபத்தெட்டு வருஷத்தில் ஒரு பொய் சொன்னதில்லை என்று ஊருக்கே தெரியும், பாவாயி சொன்னால் மாரியம்மன் சொன்ன மாதிரி என்பார்கள். ‘கொச்சிக்கா போனீங்க?’ என்றார் சென்னியப்பன். ‘கொச்சிக்குத்தான். ஆடி மாசம். கால நனைச்சேன்.’ லோகு அலறினான், ‘அம்மா, நீ எப்பக் கொச்சி போன?’ ‘நீ பொறக்கறதுக்கு முன்னால.’ சென்னியப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ‘அம்மா, முட்டை பேசுச்சுன்னாரே, அதுமா?’ ‘பேசுச்சு. நானுங் கேட்டேன். மெதுவாத்தான் ஓட்டச் சொல்லுச்சு. இவருதான் கேக்கல’ என்றாள் பாவாயி, உட்கார்ந்து பூவைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். நான் மைக்கைப் பிடித்தபடியே நின்றேன். பதினோரு வருஷமாக நான் ஜெயித்தது எதனால் என்று அப்போதுதான் புரிந்தது. இவள் போட்டிக்குப் பேர் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

சேவல் குப்பண்ணனுக்குப் போயிற்று. அவன் அதைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு என் காதோரம் வந்து, ‘அண்ணா, சத்தியமா அண்ணி போனாங்களா?’ என்றான். ‘சேவல் இப்ப உன்றகிட்ட இருக்குது, நான் எதுமேல சத்தியம் பண்றது’ என்றேன். லோகு ஃப்ளெக்ஸ்காரனுக்குப் போன் போட்டு, அன்னத்தையும் தேரையும் வேறு யாருக்காவது வைத்துக்கொள்ளச் சொன்னான், டயர் கடை நம்பரை மட்டும் எடுத்துவிடச் சொன்னான். ஒருவழியாகப் பந்தலுக்குப் பின்னால் போய் ஒன்றுக்கு இருந்துவிட்டு வந்தேன், உலகம் பெரிசாகத் தெரிந்தது. வீட்டுக்கு மூன்று பேருமாக நடந்தோம். நடுவில் நிவேதிகா, ஒரு கால் தாண்டி ஒரு கால் வைத்து நடந்தாள், சின்னப் பிள்ளையில் நடப்பாளே அப்படி. கோயில் வளைவு தாண்டியதும், ‘அப்பிச்சி, மெதுவா ஓட்டுங்கன்னு சொன்னது நானா?’ என்றாள். ‘உன்ற அம்மாயியக் கேளு. சாட்சி அவதான்.’ பாவாயி ரோட்டைப் பார்த்தபடியே, ‘ஊரே கேட்டிருச்சு, நான் கொச்சி போனவள்னு’ என்றாள். ‘நாளைக்கு எவளாச்சும் வந்து கடல் எப்பிடி இருந்துச்சுன்னா நான் என்னத்தச் சொல்றது. தை முடியறதுக்குள்ள டிக்கெட் எடுங்க. மூணு பேத்துக்கு.’ அடுத்த லோடுக்கு என்று வாய் தானாக ஆரம்பித்தது, பாதியில் பிடித்து நிறுத்தினேன். ‘சன்னலோரம் உனக்கு’ என்றேன். அவள் நின்று என்னைப் பார்த்தாள். ‘நெசமாவா?’ நான் ரோட்டை முன்னும் பின்னும் பார்த்தேன். எழுந்து நின்று சாட்சி சொல்ல ஒரு ஆள் இல்லை. ‘நெசந்தான்’ என்றேன்.